கிணறு இல்லாத கௌபாய் படம்

2024ஆம் ஆண்டு ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ராஜபாளையத்தில் சாரல். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. மழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கொடியில் முந்தின நாள் போட்ட நான்கு வேட்டிகளும் காயவில்லை, என் இடது முழங்கால் வலித்தது, காலையில் பார்த்த ரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டு. இத்தனைக்கும் நடுவில் நான் டிவிக்கு முன்னால் ஒன்பது அடி தள்ளி நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை பார்த்து, மோசமான படம் என்று தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்ட ஒரு கௌபாய் படத்தை இரண்டாம் முறை பார்ப்பதற்காக.

நானாக உட்காரவில்லை. உட்கார வைத்தவள் என் மனைவி. பக்கத்தில் தரையில் முறத்தோடு உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். மருமகள் டிவியில் எதையெதையோ அழுத்தி, ஒரு மாதச் சந்தா கட்டி, படத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மாமா, தூக்கம் வந்தா நிப்பாட்டிக்கலாம், இந்தப் பொத்தான்" என்று காட்டிவிட்டுப் போனாள்.

"தூங்கப்படாது," என்றாள் மனைவி. "முழுசாப் பாக்கணும். அண்ணன் அவிய அதத்தான் சொல்லியிருக்காவ."

அண்ணன் அவிய என்பது அவளுடைய ஒரே அண்ணன், எனக்கு மச்சான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடு. இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு, என்னைவிட இரண்டு மூத்தவர். அவருக்கு உலகத்தில் மூன்று விஷயங்களில் சந்தேகமே கிடையாது: பட்டாளத்துச் சப்பாத்தி, ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, இந்தக் கௌபாய் படம்.

அவர் மட்டும் சொன்னால் பரவாயில்லை. உலகமே சொல்கிறது. சினிமா பற்றி எழுதுகிறவர்கள் சிறந்த படங்கள் என்று பட்டியல் போடும்போதெல்லாம் இது உள்ளே வந்துவிடும். நான் பார்த்த ஒன்பது பட்டியல்களில் ஏழில் இருந்தது. ஏழு தடவையும் எனக்கு எரிச்சல். காரணம், இந்தப் படத்தில் பதினெட்டுத் தப்புகள் இருப்பது எனக்குத் தெரியும். பார்த்த அன்று இரவே டைரியில் எண் போட்டு எழுதி வைத்தவன் நான்.

என் தொழில் அப்படி. பி.எஸ்ஸி. படித்துவிட்டு, இந்த ஊரில் ஒரு நூற்பாலையின் தரச் சோதனைக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். நூற்றிருபது கெஜம் நூலைச் சுற்றி எடுப்பது, எடை போடுவது, நூல் மெலிசா தடிமனா என்று எண்ணால் சொல்வது. அதிகாரி வந்து "நூல் அருமையா இருக்கே" என்றால் எங்களுக்குச் சிரிப்பு வரும். அருமை எத்தனை என்று சொல்ல வேண்டும். படத்துக்கும் நான் அதைத்தான் கேட்டேன். நாயகனின் துப்பாக்கியில் ஆறு குண்டுதான் இருக்கும். குதிரைலாயச் சண்டையில் அவன் ஒன்பது முறை சுடுகிறான். அது முதல் தப்பு. கதை ஒன்பது நாள் நடக்கிறது. அவன் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை, மூன்று முறை காபி குடிக்கிறான். தாடி முதல் நாள் எவ்வளவோ அவ்வளவே ஒன்பதாம் நாளும். குதிரைக்குத் தீனி இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிற காட்சி ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. அந்த நேரத்தில் பெரிய மனிதர் யாராவது குறுக்கே வந்து சமாதானம் செய்து வைத்திருக்கலாம். எட்டாவது தப்பு ஒரு கயிறு. முற்பாதியில் அவன் சேணத்தில் சுருட்டித் தொங்குகிற கயிறு பிற்பாதியில் இல்லை. எடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். கயிற்றைக்கூடக் கவனிக்காதவன் எடுத்த படம் எப்படிப் பெரிய படம் ஆகும்?

நான் கல்யாணம் முடிந்து மறுவீடு போனபோதே இந்த வழக்கு ஆரம்பித்துவிட்டது. மச்சான் விடுப்பில் வந்திருந்தார். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சினிமா பேசினோம். வடக்கே பனிமலையில் முகாமில் இருந்தபோது இந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொல்லி, "அந்தக் கெணத்தடிச் சீன் ஒண்ணு போதும் மாப்ள. ஆயுசுக்கும் மறக்காது" என்றார்.

"எந்தக் கிணத்தடி?" என்றேன்.

"அதான் மாப்ள, அந்த விதவை வீட்டுக் கெணறு."

படத்தில் கிணறு கிடையாது. எனக்குத் தெரியும். டைரியில் இல்லை. சொன்னேன். புது மாப்பிள்ளை என்பதால் அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாற்பத்து நான்கு வருடம் நல்லது கெட்டது எதில் சந்தித்தாலும் கடைசியில் கிணற்றில் வந்து நிற்போம். கேலிதான். மாமன் மச்சான் கேலி செய்யாவிட்டால் உறவில் ஏதோ குறை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

2020 பிப்ரவரியில் என் எழுபதாம் கல்யாணம். மண்டபத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. மச்சான் முன்வரிசையில் யாரிடமோ கிணற்றுக் காட்சியை, கையால் கயிறு இழுத்துக் காட்டி, விவரித்துக்கொண்டிருந்தார். என் கையில் மைக். யாரோ நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசினேன்: "கிணறே இல்லாத படத்துல எங்க மச்சான் கிணறு வெட்டித் தண்ணியும் எறைச்சுக்கிட்டு இருக்காவ. பட்டாளத்துல சாயங்காலம் ஊத்திக் குடுத்த அளவு அப்படி."

மண்டபம் சிரித்தது. மச்சான் பட்டாளத்தில் இருந்த இருபத்திரண்டு வருடமும் தன் பங்குச் சாராயத்தை ஒரு சொட்டுத் தொடாமல் மற்றவர்களுக்குக் கொடுத்தவர். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அது கேலி என்று நினைத்தேன். மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியாது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவர்கள் வீட்டில் மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசும் வழக்கம் இல்லை. அதனால் மச்சான் பேசவில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். இலையில் பாயசம் வரை வைத்தாயிற்று. கை நனைக்காமல் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கை வீட்டு விசேஷத்தில் அண்ணன் கை நனைக்காமல் போவது எங்கள் பக்கத்தில் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. என் மனைவி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

முதல் இரண்டு வருடம் கொரோனா வந்து எங்களைக் காப்பாற்றியது. அண்ணன் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. யாருமே எங்கேயும் போகவில்லை. ஆனால் பொங்கல் சீரை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நான்கு பொங்கலுக்கும் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, தங்கைக்குச் சேலை எல்லாவற்றோடும் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசல் படிக்குக் கீழேயே நின்று கொடுத்தார். "உள்ள வாங்கண்ணே" என்று அவள் நான்கு முறையும் கூப்பிட்டாள். "ஆட்டோ நிக்குது" என்று நான்கு முறையும் சொன்னார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன்."

இந்த ஜூனில் செய்தி வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டோடு அவர் போய்விடப் போகிறார். ஆடி பிறந்தால் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள். என் மனைவி கணக்குப் போட்டாள். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் போட்டு நான் பார்த்த ஒரே கணக்கு அது. இன்னும் இருபத்து நான்கு நாள். அதற்குள் அண்ணன் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். போனில் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "மாப்ளயை அந்தப் படத்த முழுசா ஒரு தடவ பாக்கச் சொல்லு. கெணறு இருக்கா இல்லையான்னு சொல்லட்டும். நல்ல படமா இல்லையான்னு சொல்லட்டும். பொறவு பாப்போம்."

"நல்ல படம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்றாள் அவள், கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே. "உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுது?"

"பார்க்காம எப்படிச் சொல்ல?"

"பாக்காமத்தான நாப்பத்தொம்பது வருசமா மோசம்னு சொல்லுதீய."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். டைரி இருக்கு."

அவள் அடுத்த காம்பை ஒடித்தாள்.

படம் ஓடியது. மருமகளின் தயவில் இப்போது படம் தெளிவாக இருக்கிறது. புழுதியில் ஒவ்வொரு தூசியும் தெரிகிறது. நாயகன் வந்தான். இரண்டாவது கட்டத்திலேயே ஒரு ஆளைத் தவறாகச் சுட்டுவிடுகிறான். அந்த ஆள் இவன் தேடி வந்தவன் இல்லை. என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. அது ஒரு குறையாக இல்லை, ஏனென்றால் நாயகன் பேசுவதே இல்லை.

"இவன் ஊமையா?" என்றாள்.

"இல்ல. இதுவரைக்கும் பதினோரு வார்த்தை பேசியிருக்கான்."

"பொறவு ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கான்? நம்ம பால்காரன் மாதிரி."

குதிரைலாயச் சண்டை வந்தது. ஒன்பது குண்டு. விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன். "சரி, சரி," என்றாள். முறைக்கிற காட்சியில் அவள் எழுந்து போய்ச் சோற்றை வடித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டு பேரும் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். "சண்டை போடுதானுவளா, பொண்ணு பாக்கானுவளா?" என்றாள். எனக்கு உற்சாகமாகிவிட்டது. பட்டியல்காரர்கள் இந்த வீட்டுக்கு ஒரு நாள் வந்து இவளோடு உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு, ஒரு மணி முப்பத்திரண்டாம் நிமிடத்தில், ஒரு கிணறு வந்தது.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். கிணறு அங்கேயே இருந்தது. கல் கட்டிய கிணறு. மேலே மரச் சட்டம், வாளி. ஒரு பெண் தண்ணீர் இறைக்க வருகிறாள். செத்துப்போனவனின் மனைவி. நாயகன் குதிரையிலிருந்து இறங்கி நிற்கிறான். யார் சுட்டது என்று அவளுக்குத் தெரியாது, அல்லது தெரியாது என்று நான் நினைத்தேன். வாளியை இறக்குகிறாள். கயிறு எட்டவில்லை. வறட்சி, தண்ணீர் கீழே போய்விட்டது. எங்கள் பக்கம் வைகாசியில் கிணற்றுக் கயிற்றுக்கு ஒட்டுப் போடாத வீடு அந்தக் காலத்தில் கிடையாது, அதனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது. சேணத்திலிருந்து தன் கயிற்றை அவிழ்த்தான். அவள் கயிற்றின் நுனியோடு முடிச்சுப் போட்டான். வாளி சட்டென்று இறங்க, கயிறு அவன் இடது உள்ளங்கையை உரசி வாரிவிட்டது. அவள் தன் முந்தானைத் துணி மாதிரி ஏதோ ஒன்றைக் கிழித்து அவன் கையில் கட்டினாள். தன் தம்பியைப் பற்றி இரண்டு வரி பேசினாள்; ஊரை விட்டுப் போன தம்பி, கோபக்காரன். அவன் இரண்டு முறை வாயைத் திறந்தான். சொல்லவில்லை. வாளி மேலே வந்தது. அவள் அதைத் தூக்கி அவனிடம் கொடுத்தாள்.

"அவளுக்குத் தெரியும்," என்றாள் என் மனைவி.

"என்ன தெரியும்?"

"இவன்தான் சுட்டான்னு."

"எப்படிச் சொல்ற? அவ ஒண்ணும் சொல்லலையே."

"வாளியக் குடுத்த வெதத்தப் பாருங்க."

பொத்தானைத் தேடிப் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். அவள் வாளியைக் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கிற வரை வேறு பக்கம் திரும்பவில்லை. அவ்வளவுதான். அதற்குமேல் அளக்க எதுவும் இல்லை. அவன் தன் கயிற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். ஒரு தகரக் குவளையில் அவள் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். முழுக் காட்சியும் சுமார் பதினோரு நிமிடம்.

கீரை முறத்தில் பாதியில் கிடந்தது. "எங்க அண்ணன் நம்ம வாசல்ல தண்ணிகூட வாங்கிக் குடிக்கல," என்றாள். மீதிப் படம் முழுக்கக் கீரையைத் தொடவில்லை.

எனக்கு வேறு வேலை இருந்தது. என் பதினெட்டில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தது. எட்டாவது தப்பு, காணாமல் போன கயிறு: போயிற்று. பத்தாவது, அடிபடாத கையில் திடீரென்று கட்டு: போயிற்று. எங்கிருந்தோ முளைத்த தகரக் குவளை, போயிற்று. தெற்கே போக வேண்டியவன் வடக்கே திரும்பியது அந்தத் தம்பியைத் தேடி. கடைசிச் சண்டையில் நாயகன் குறிபார்த்துவிட்டுச் சுடாமல் விட்ட ஆள்தான் அந்தத் தம்பி. முடிவில் முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் நின்று அழுகிறாள் என்று எழுதியிருந்தேன். முன்பின் தெரியாதவள் இல்லை. ஆறு தப்பு. ஆறும் என்னுடையவை.

படம் முடிந்ததும் பரணில் ஏறப் போனேன். மருமகள் விடவில்லை, அவளே ஏறி 1975ஆம் வருடத்து டைரியை எடுத்துக் கொடுத்தாள். ஆகஸ்ட் 17, ஞாயிறு, காலைக் காட்சி. என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: தொடக்கம் 10.35. இடைவேளை பன்னிரண்டு நிமிடம். நடுவில் வெள்ளைத் திரை மூன்று நிமிடம். முடிவு 1.14. கழித்தால் படம் இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம். டிவியில் ஓடியது இரண்டு மணி முப்பத்தைந்து. குறைவது பதினொன்று. ஒரு ரீல்.

அப்போதுதான் எனக்கு அந்த வெள்ளைத் திரை ஞாபகம் வந்தது. அந்த நாளில் இங்கிலீஷ் படத்துக்கு ஊருக்கு ஒரு பிரிண்ட் அனுப்ப மாட்டார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து ஒன்றுதான். அங்கே காட்சி முக்கால் மணி முன்னதாகத் தொடங்கும். ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு ஆட்கள் மாற்றி மாற்றி மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டுவருவார்கள். இங்கே ஒரு ரீல் ஓடுவதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும். நடுவில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தாலோ, டயர் பஞ்சரானாலோ, மாட்டுச் சந்தையன்று கூட்டம் மறித்தாலோ பெட்டி வராது. ஆப்பரேட்டர் கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையை ஓட்டுவார், விசில் பறக்கும், அதற்குள் வேறு பெட்டி வந்திருந்தால் அதை மாட்டி விடுவார். தாமதமாக வந்த ரீல் அப்படியே பெட்டிக்குள் தூங்கும். தமிழ்ப் படமாக இருந்தால் ஒரு பாட்டு குறைந்தாலும் நாற்காலி உடையும். இங்கிலீஷ் படத்தில் எந்த ரீல் எங்கே போனாலும் கேட்க ஆள் கிடையாது. கேட்டால் இங்கிலீஷ் புரியவில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரன் நினைத்துவிடுவான். நான் பி.எஸ்ஸி. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்பட்டோம். மடவார் வளாகத்துக்கு வெறுங்கையோடு போக முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போகிறவனைப் பைத்தியம் என்பார்கள். எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழம் மூன்று கிலோ வாங்கினேன். டவுன் பஸ் என்பதால் அவளுக்கு டிக்கெட் இல்லை. வழி முழுக்க அவள் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள்: "நல்ல படம்னு சொல்லணும். அதோட நிறுத்திக்கிடணும். எண்ணிக்கை எதுவும் சொல்லப்படாது."

மச்சான் வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாயிற்று. சுவரில் பட்டாளத்துப் படங்கள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக வெளுப்பு. ஏழு சதுரம். "வாங்க மாப்ள," என்றார். உட்காரச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்து, என்னைப் பார்த்து, "அண்ணன் மெலிஞ்சு போனீய" என்றாள்.

"மச்சான், கிணறு இருக்கு," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அந்தப் படத்தில் முறைக்கிறார்களே, அந்த அளவு இருக்காது, ஆனாலும் நீளம்தான். நான் டைரியைப் பிரித்து நேரக் கணக்கைக் காட்டினேன். ரீல் பெட்டி, மோட்டார் சைக்கிள், ரயில்வே கேட் எல்லாம் சொன்னேன்.

"அப்போ நாப்பத்தொம்பது வருசமா நீங்க பாத்தது கெணறு இல்லாத படம்."

"ஆமா."

"கெணத்த எடுத்துட்டா அதுல என்ன இருக்கு? வெறும் குதிரையும் புழுதியும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். உதடு வரை வந்தது. அடக்கிக்கொண்டார். காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டே, "மாப்ள, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் அந்தப் படத்தச் சரியாப் பாக்கல," என்றார்.

"என்னண்ணே சொல்லுதீய?" என்றாள் என் மனைவி.

"ஏழு மாசம் மேல பனியில கெடந்துட்டு முகாமுக்கு எறங்கின அன்னைக்குப் போட்டாங்க. திரையா கட்டினது ஒரு போர்வை. அந்தப் பொம்பள தண்ணி எறைக்கிற ரீல் முடிஞ்சதும் எல்லாப் பயலும் எந்திரிச்சு நின்னு கத்தினோம், மறுபடி ஓட்டுன்னு. ஓட்டினான். பொறவும் கத்தினோம். அந்த ஒரு ரீல மட்டும் மூணு தடவ. அதுக்குள்ள ஜெனரேட்டர்ல எண்ணெய் தீந்துபோச்சு. முடிவ நான் பாக்கவே இல்ல."

"அப்போ கடைசிச் சண்டை?"

"அப்படி ஒண்ணு உண்டா?"

எனக்கு ஒரு ரீல் குறைவு. அவருக்கு இரண்டு ரீல் அதிகம், முடிவு இல்லை. இப்படி இரண்டு பேர் சேர்ந்து நாற்பத்து நான்கு வருடம் அந்தப் படத்தின் தரத்தைப் பற்றி வாதாடியிருக்கிறோம். என் சோதனைக் கூடத்தில் இப்படி ஒரு மாதிரியை யாராவது கொண்டுவந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

"சரிண்ணே, அவிய ஒத்துக்கிட்டாவ. வீட்டுக்கு வாங்க," என்றாள் அவள்.

மச்சான் தலையை ஆட்டினார். "எங்கிட்ட ஒத்துக்கிட்டாவ. அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னாவ? சபையில. எம் பேரன் வயசுப் பயலுவ எல்லாம் இருந்தானுவ. சபையில சொன்னத சபையிலதான் மாத்தணும்."

அவர் கேட்டது நியாயம். அதனால்தான் ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை, மதியம் எங்கள் வீட்டில் விருந்து. இருநூற்றுப் பதினான்கு பேரையும் கூப்பிட எனக்கு வசதி இல்லை. அதில் ஒன்பது பேர் இப்போது உயிரோடும் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்களாக நினைவு வைத்து முப்பத்தொரு பேரைக் கூப்பிட்டேன். மொட்டை மாடியில் பந்தல் போட்டு, தரையில் பாய் விரித்து இலை போட்டோம். வெயிலும் இல்லை, சாரலும் இல்லை, காற்று மட்டும். மச்சான் வந்தார். படிக்குக் கீழே நிற்காமல் ஏறி வந்தார். ஆனால் இலையில் உட்காரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்து நின்றேன். மைக் இல்லை. "எழுபதாம் கல்யாணத்துல எங்க மச்சானப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அந்தப் படத்துல கிணறு இருக்கு. நான்தான் பாக்கல. எங்க மச்சான் வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சவிய இல்ல. தப்பு எம்மேல."

ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்திருந்த, எனக்குப் பெரியப்பா முறையாகும் மானாவாரி வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "சினிமாப் படத்துக்கா நாலு வருசம் பேச்சுவார்த்தை இல்ல? நான் ஏதோ கெணத்துப் பங்குத் தகராறுன்னுல்லா நெனச்சேன். பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவீயன்னு வேட்டிகூடப் புதுசு கட்டிட்டு வந்தேன்."

பந்தல் சிரித்தது. மச்சானும் சிரித்தார். என் மனைவி ஓடிப்போய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "உக்காருங்கண்ணே," என்றாள்.

அவர் உட்காரவில்லை. "செத்த நேரம் இரு," என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "கெணறு இருக்குன்னு சொல்லிட்டீய. படம் எப்படின்னு சொல்லலையே?"

அவள் கண்ணால் கெஞ்சினாள். செம்பு கையில் அப்படியே இருந்தது. எனக்குப் பாடம் நினைவிருந்தது. "நல்ல படம்," என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"மாப்ள," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி, "நீங்க தங்கச்சிக்காகச் சொல்லுதீய. எம்மேல பரிதாபப்பட்டு ஒரு பொய்யச் சொல்லி, அந்தச் சோத்த நான் திங்கணுமா? எண்ணி வச்சிருப்பீயல்லா. எண்ணிக்கையச் சொல்லுங்க."

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை; பார்த்திருந்தால் படித்திருக்க மாட்டேன். "கிணத்துக் காட்சி பதினோரு நிமிசம். அதுக்கு ஈடா நான் எந்தப் படத்துலயும் பார்த்ததில்ல. மிச்சம் ரெண்டு மணி இருபத்து நாலு நிமிசத்துல பன்னிரண்டு தப்பு இருக்கு. உலகத்துலயே பெரிய படம்னு சொல்றவங்க அந்தப் பதினொண்ண வச்சுத்தான் சொல்றாங்க. அந்தப் பதினொண்ணுக்குச் சரி. முழுப் படத்துக்கு அது அதிகம்."

"பன்னெண்டையும் படிங்க."

படித்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒன்பது குண்டைக் கேட்டதும், "அது மாப்ள சொல்லுறது சரி, ஆறுதான்," என்றார் பட்டாளத்துக்காரர். தாடி வளராததை ஒத்துக்கொண்டார். சாப்பிடாமல் ஒன்பது நாள் இருப்பதைத் தப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை. தான் ஐந்து நாள் இருந்திருப்பதாகச் சொன்னார். முறைக்கிற காட்சியைத் தப்பு என்று எழுதவே கூடாது என்றார்; துப்பாக்கி பிடித்தவனுக்குத்தான் அது தெரியுமாம். குதிரைக்குத் தீனியைப் பற்றி வாதம் நீண்டது. கடைசியில் பன்னிரண்டில் ஒன்பதை ஏற்றுக்கொண்டு மூன்றைத் தள்ளினார்.

"இப்பச் சரி," என்றார். தங்கை கையிலிருந்த செம்பை வாங்கி, அண்ணாந்து பாதிக்கு மேல் குடித்தார். மிச்சத்தில் கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார்.

அவளே பரிமாறினாள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. சோறு மூன்று முறை, கறிக்குழம்பு நான்கு முறை, ரசம் ஒருமுறை வாங்கினார். பாயசம் வேண்டாம் என்று கையை நீட்டி மறித்தார்; அவள் கைக்கு மேலேயே ஊற்றப் போனதும் கையை எடுத்துவிட்டார். தன் பக்கமாக இலையை மடித்துவிட்டு எழுந்தபோது மணி இரண்டு பத்து.

விருந்துக்கு ஒன்பதாயிரத்து முந்நூற்று எண்பது, மாம்பழம் இருநூற்று நாற்பது, டிவிச் சந்தா நூற்று நாற்பத்தொன்பது, பஸ்ஸுக்குப் போக வர எனக்கு மட்டும் இருபத்து நான்கு. ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய்.